நிற்கத் தெரியாத கண்ணாடி

பொய் சொல்கிறவன் என்று கிட்டங்கித் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அது பொய். நடந்ததைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன், அவ்வளவுதான், அதுவும் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து. ஆனால் தவசிமுத்துவின் கார்க் கண்ணாடி விஷயத்தில் எனக்கு இழுக்கிற வேலையே இல்லாமல் போய்விட்டது. அது தானாகவே இழுத்துக்கொண்டு போனது, நேராக வானத்தைப் பார்த்து.

தூத்துக்குடியில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கிகளெல்லாம் காலியாகி, அந்த இருட்டுக் கட்டடங்களுக்குள் வண்டிப் பட்டறைகள் குடிவந்த தெரு எங்களுடையது. ஒரு பக்கம் தகரம் தட்டுகிற சத்தம், எதிர்ப்பக்கம் வலை பொத்துகிற வீடுகள், நடுவில் வெயில். அங்கேதான் தவசிமுத்துவும் அவன் பெண்டாட்டி பேச்சிக்கனியும் கார்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கடை வைத்திருந்தார்கள். எந்தக் கண்ணாடியையும் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம், ஆனால் சட்டம் இல்லாத கதவு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது வந்தால் மதுரையிலிருந்துகூட இந்தத் தெருவைத்தான் விசாரித்து வருவார்கள். மற்றக் கார்க் கதவில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும், கண்ணாடி அதற்குள் ஏறி இறங்கும், பிரச்சினை இல்லை. இந்தக் கதவில் கண்ணாடி தாலி கட்டாதவள் மாதிரி தன்னந்தனியாக நிற்கும். கதவைச் சாத்தினால் கூரையோரத்து ரப்பரில் போய்ச் சரியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நூல் உள்ளே சாய்ந்தால் தண்ணீர் வரும், ஒரு நூல் வெளியே சாய்ந்தால் காற்று நுழைந்து காது கிழிய ஊதும்.

அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. தவசிமுத்து உள்ளே உட்கார்ந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து வெளியே தள்ளிப் பிடிப்பான். கனி வெளியே குத்தவைத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கதவின் அடியிலிருக்கிற போல்ட்டை முறுக்குவாள்.

"இன்னும் ஒரு நூல் தள்ளுங்க."

"தள்ளியாச்சு."

"எங்க தள்ளுனீய, தூங்குதீய."

"நீதான் ஒரு கண்ண மூடிக்கிட்டிருக்க, தூங்குறது நீயா நானா?"

கல்யாணமான நாள் முதல் அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான். பிள்ளை இல்லை. சண்டையும் கண்ணாடி வழியாகத்தான், அதனால் பாதி கேட்காது, அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கப்பல் ஏஜெண்டு ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன வெள்ளைக் கார் ஒன்றை, இரண்டே கதவு, இரண்டிலும் சட்டம் கிடையாது, அவர்கள் தங்களுக்கென்று வாங்கி வைத்திருந்தார்கள். ஊரார் கார் வேலையெல்லாம் முடிந்த மிச்ச நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணி, ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி ஒன்றுதான் பாக்கி என்று ஆன ஆடி மாதத்து மத்தியானம், புழுதிக் காற்று தெருவை உருட்டிக்கொண்டிருந்த நேரம், தவசிமுத்து உள்ளே உட்கார்ந்து, ரப்பருக்குப் பூசுகிற முகப் பவுடர் அப்பிய கையைக் கண்ணாடியில் பதித்தான்.

"இன்னும் ஒரு நூல்," என்றாள் கனி.

கை அழுத்தியது. அவள் குனிந்து முறுக்கினாள். நிமிர்ந்து பார்த்து, "போதும், எடுங்க," என்றாள். கை விலகவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து வெளியிலிருந்து அவளும் தன் கையை அதன்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கண் திறந்துதான் இருந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

ஆட்கள் வந்து தூக்கினார்கள். கை போய்விட்டது, கையின் அச்சு கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. ஐந்து விரல், உள்ளங்கை மேடு, நடுவில் ரேகை, பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்புகூட, வியர்வையும் பவுடரும் சேர்ந்து வெள்ளையாக, எழுதி வைத்த மாதிரி. அந்த நாள் முதல் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. கனி பகலெல்லாம் மற்றவர்கள் காருக்கு வேலை செய்வாள், உள்ளே உட்கார்ந்து தள்ளுவதற்குக் கூலிக்கு யாரையாவது வைத்துக்கொள்வாள். பொழுது சாய்ந்ததும் அடுத்த கதவு வழியாக ஏறி அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அச்சின்மேல் படாமல், ஒரு மயிரிழை தள்ளித் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பாள். தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. துக்கம் என்றால் ஆளுக்கு ஒரு வழி.

அப்புறம் ஆயுதபூஜை வந்தது.

எங்கள் தெருவில் ஆயுதபூஜைக்கு ஒரு வண்டியை விட்டுவிட்டால் அந்த வண்டி சாபம் விடும் என்று நம்பிக்கை. திருப்புளி முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கடைசியாக ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் அடிக்காத வண்டிக்குப் பூஜை சேராது. பேட்டரிக்கடை சுடலைமணி, தவசிமுத்துவைச் சொந்த அண்ணனாக நினைத்தவன், வெள்ளைக் காரைப் பார்த்தான். செத்த பேட்டரி, அடிக்க முடியாத ஹாரன். அண்ணன் வண்டி மட்டும் ஊமையாக நிற்பதா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கனி பொரிகடலை வாங்கப் போன நேரத்தில் புதுப் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, ஓட்டுகிறவர் கதவைத் திறந்து, பாம்ம்ம் என்று ஒரு நீள ஹாரன் அடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினான்.

இந்த மாதிரிக் கதவைத் திறந்தால் கண்ணாடி தானாக ஒரு விரற்கடை இறங்கும், சாத்தினால் ஏறி ரப்பரில் போய் நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை வண்டி ஞாபகம் வைத்திருக்கும். பேட்டரி செத்தால் அந்த ஞாபகமும் செத்துவிடும். சுடலைமணி சாத்தியதும் கண்ணாடி ஏறியது. ரப்பரை உரசிக்கொண்டு வெளிப்பக்கமாக ஏறியது. கூரையைத் தாண்டி ஏறியது. பொரிகடலையோடு கனி வந்து நின்றபோது காரைவிட ஒரு முழம் உயரத்தில் கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், பால் பொங்குகிற மாதிரி.

"மைனி, நான் ஹாரன் மட்டுந்தான் அடிச்சேன்," என்றான் சுடலைமணி.

அவள் அவனைத் திட்டவில்லை. முதலில் அச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, அவள் நெற்றி உயரத்தில். பிறகு பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். கண்ணாடி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருதரம் புறப்பட்டது புறப்பட்டதுதான்.

மறுநாள் அவள் முக்காலி போட்டு ஏறிக் கையை அச்சின் பக்கத்தில் வைத்தாள். அதற்கடுத்து காரின் கூரைமேல் ஏறி நின்றாள். பிறகு பக்கத்து வீட்டு சூசையம்மாளின் மொட்டை மாடிக்குப் போய், பிறகு அந்த மாடியில் ஏணி போட்டு, பிறகு ஏணியின்மேல் நுனிக்காலில். சூசையம்மாள் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்காமல் தரையைப் பார்த்து நிற்பாள், ஒருத்தி தன் புருஷன் கையைத் தொடுகிறதை அடுத்தவள் பார்க்கக் கூடாது என்று. ஒரு சாயங்காலம் கனி ஏணியிலிருந்து இறங்கி, "எட்டலக்கா," என்றாள். அப்புறம் ஏணியைக் கேட்கவே இல்லை.

கண்ணாடி வீட்டைத் தாண்டியது, தென்னையைத் தாண்டியது, மாதா கோயில் கோபுரத்தைத் தாண்டியது. கரும்பு மாதிரிக் கணுக் கணுவாக வளர்ந்தது, அடியிலா நுனியிலா நடுவிலா எங்கே வளர்கிறது என்று சொல்ல முடியவில்லை. முதல் வாரம் பயந்தோம், இரண்டாம் வாரம் பழகிவிட்டோம். மனுஷ ஜாதிதானே. பஸ்காரர்கள் எங்கள் முக்கைக் கண்ணாடி நிறுத்தம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாயங்கால வெயில் அதன்மேல் பட்டு ஒரு வெளிச்சக் கீற்றாகத் தெருவில் விழுந்து, வீடு வீடாக நகர்ந்து போகும். அது வாசலுக்கு வந்தால் உலை வைக்கிற நேரம், அடுப்படியைத் தொட்டால் விளக்கு வைக்கிற நேரம், பல வீடுகளில் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டார்கள். எதிர்ச்சாரியில் ஒரு கிழவருக்கு அந்தக் கீற்று விழுந்து மூட்டுவலி போனது என்றார்கள். அந்தக் கிழவர் நான்தான், வலி போகவில்லை, ஆனால் ஊருக்கு ஆசை இருந்தது, நானும் இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்துத் தொப்பியைத் தவறவிட்டார்.

"இவ்வளவு உயரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கியளா?"

"இது கட்டடம் இல்ல சார், கார்க் கண்ணாடி," என்றான் சுடலைமணி.

"கார்க் கண்ணாடிக்கு எதுக்குவே இவ்வளவு உயரம்?"

"அதத்தான் சார் நாங்களும் யோசிச்சிக்கிட்டிருக்கோம்."

அவர் தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை.

ஆனால் அதை உண்மையில் சொந்தமாக்கிக்கொண்டது கடலுக்குப் போகிறவர்கள்தான். கரையிலிருந்து வெகுதூரம் போய், கோயில் கோபுரமும் துறைமுகத்துக் கிரேனும் முங்கிப் போன பிறகும், வானத்தில் ஒரு வெள்ளி இழை மாதிரி எங்கள் தெருக் கண்ணாடி தெரிந்தது. சூசையம்மாளின் புருஷன் கஸ்பார் முதன்முதலில் அதைப் பார்த்து வந்த அன்று மீன்கூடையைக்கூட இறக்காமல் நேராகக் கனியிடம் வந்தான்.

"தங்கச்சி, இனிமே திசைக்கருவிய வித்துத் தின்னுரலாம். படகு மூக்க அந்தக் கண்ணாடிக்கு நேரா வச்சா வீட்டு வாசல்லயே கொண்டுவந்து விட்டிரும் போல."

"கை தெரிஞ்சுதாண்ணே?"

கஸ்பார் அப்போதுதான் மீன்கூடையை இறக்கி வைத்தான். "தெரிஞ்சுது. உச்சிக்குக் கொஞ்சம் கீழ. வாங்க வாங்கன்னு கூப்பிடுத மாதிரி."

அதன் பிறகு அந்தக் கையை ஆளுக்கொரு இடத்தில் பார்த்தார்கள். உச்சியில் என்றான் கஸ்பார். பாதியில், பருந்து வட்டமிடுகிற உயரத்தில் என்றான் சுடலைமணி. முருங்கை மரத்துக்குச் சற்று மேலே என்று சூசையம்மாள் சத்தியம் செய்தாள். கனி தினமும் சாயங்காலம் தெருவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் அடியிலிருந்து மேகம் வரைக்கும் பார்ப்பாள். அவளுக்கு மட்டும் எங்கேயும் தெரியவில்லை.

சுடலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தெருவே கூடியிருக்கிறபோது சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மைனி, நான் செஞ்ச பாவத்த நானே உடைச்சிருதேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று அழுதான்.

"உடைக்க வேண்டாம்வே," என்றாள் கனி. "நிப்பாட்டத் தெரியும் எனக்கு. மொத நாளே தெரியும்."

அவள் யாரையும் பார்க்காமல், கூலிக்கு வந்த ஆளுக்கு வேலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஞாபகம் போன கண்ணாடிக்கு மறுபடியும் சொல்லிக் குடுக்கணும். அடி வரைக்கும் ஒருதரம் இறக்கணும், உச்சி வரைக்கும் ஒருதரம் ஏத்தணும், அப்பந்தான் எங்க நிக்கணும்னு அதுக்குப் புரியும். நடுவுல நிறுத்துன்னா நிக்காது. இறங்குனா அடியத் தொட்டுத்தான் நிக்கும்."

"அப்பம் இறக்குங்களேன் மைனி!"

"கதவு வாயில கம்பளி ரப்பர் இருக்கு தெரியும்லா, ரெண்டு பக்கமும் கண்ணாடியக் கவ்விக்கிட்டு? தூசி, தண்ணி, எல்லாத்தையும் வழிச்சு எடுக்கத்தான் அத வச்சிருக்கான்." கதவைத் தொட்டுக் காட்டினாள். "நானே மாட்டுன ரப்பர். நல்லா இறுக்கமா மாட்டியிருக்கேன். அவுக கைய மிச்சம் வைக்காது."

சம்மட்டியைச் சுடலைமணி சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

அன்றிலிருந்து தெருவில் இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, கண்ணாடியை இறக்கு என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. இன்னொன்று, மழை என்ற சொல்லை அவள் காதுபடச் சொல்வதில்லை. ஏனென்றால் காருக்குள் இருந்தவரைக்கும் அந்த அச்சுக்குக் கூரை இருந்தது, இப்போது அது வெட்டவெளியில் நிற்கிறது. பவுடரும் வியர்வையும் ஒரு நல்ல மழை தாங்காது. அந்த வருஷம் பார்த்து ஐப்பசி பொய்த்துப்போனது. குடம் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று தண்ணீர் லாரிக்குப் பின்னால் பெண்கள் ஓடினார்கள். உப்பளத்துக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள், இன்னும் ஒரு மாதம் உப்பு வாரலாம் என்று. ஒருத்தர் காருக்கு மாலைகூடப் போட்டார். கண்ணாடிதான் மேகத்தைக் குத்தி நிறுத்துகிறது என்று பக்கத்துத் தெருவில் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர்களைத் திட்டித் துரத்தினார்கள். தங்களுக்குள் பேசும்போதுகூட, "அது வருமாக்கா இந்த வருஷம்?" "அது வரும், வராம எங்க போகும்," என்று, செத்தவர் பெயரைச் சொல்லாத மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். தெரு முழுக்க மழைக்கு நேர்ந்துகொண்டிருந்தது, நடுவில் ஒருத்தி மழை வரக் கூடாது என்று நேர்ந்துகொண்டிருந்தாள், இரண்டு பக்கத்து வேண்டுதலையும் ஒரே மாதா, ஒரே சுடலைமாடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடு அது.

கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். காலையில் ஒன்று, மத்தியானத்துக்குள் அதைவிடப் பெரியது. காற்று கண்ணாடியில் பட்டு, ஊர் முழுக்க ஒரு தாழ்ந்த ரீங்காரம் கேட்டது, பல் கூசுகிற மாதிரி. காற்று வலுத்தால் அது முறியும், முறிந்தால் எங்கள் தெருவோடு நிற்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. பாத்திரத்தை ஒதுக்கி வைத்தார்கள், கைக்குழந்தைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள், கனியைப் பார்த்தால் சிரித்தார்கள்.

கனி தானாகவே காரண்டை வந்தாள். "சுடலை, பேட்டரிய மாட்டு," என்றாள்.

அவன் மாட்டினான். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்குகிற பொத்தானில் விரலை வைத்தாள். இப்போது இறக்கினால், இன்னும் நனையாத கண்ணாடி அவள் முகத்தின் முன்னால் இறங்கி வரும், அச்சு எங்கிருந்தாலும் அவளைத் தாண்டித்தான் போகும், ரப்பர் துடைப்பதற்கு முன் ஒரு மூச்சு நேரமாவது அவள் அதைப் பார்க்கலாம், தொடலாம், இனிமேல் தள்ளி வைக்க வேண்டியதில்லை, நேராகவே கையை வைக்கலாம். எனக்கு இவ்வளவும் அவள் முகத்தில் தெரிந்தது. அப்போது அவள் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள்.

"எல்லாப் படகும் வந்தாச்சா?"

சூசையம்மாள் மாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, அண்ணன் வந்தாச்சா?"

சூசையம்மாள் இறங்கி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். காரின் கூரையில் கையை வைத்துக் குனிந்து சொன்னாள். "நீ இறக்கு தாயி. அது வாரதுக்குள்ள அவரு கையப் பாத்துக்கோ. எங்க வீட்டாளுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லயிருந்து கடலு தெரியும்."

"கடலு தெரியும்க்கா," என்றாள் கனி. "கரை தெரியணும்லா."

பொத்தானிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தி இருட்டிக்கொண்டு வந்தது. கடல்மேல் தூவானம் இறங்கிக் கலங்கரை விளக்கத்தை மூடிவிட்டது. கண்ணாடியும் சாம்பல் நிறமாகி வானத்தோடு கரைந்துகொண்டிருந்தது. சுடலைமணி அதைப் பார்த்தான், தன் கடையைப் பார்த்தான், ஓடினான். புதுசு, பழசு, வாடிக்கையாளர் விட்டுப்போனது, சார்ஜுக்கு வந்தது, கடையிலிருந்த அத்தனை பேட்டரியையும் சுமந்து வந்து காரின் கதவைச் சுற்றி அடுக்கி, லாரி முகப்பு விளக்குகளைக் கழற்றிக் கட்டி, கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே வைத்து எரியவிட்டான். வெளிச்சம் கண்ணாடிக்குள் ஏறியது. குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, விளிம்பெல்லாம் பச்சையாக, வீட்டைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி, மேகத்துக்குள் போய் மேகத்தையே உள்ளேயிருந்து வெளுக்க வைத்தது. தெருவில் எல்லோரும் அண்ணாந்து கையைத் தேடினோம். வெளிச்சத்தில் கண் கூசியது.

முதல் துளி என் மொட்டைத் தலையில்தான் விழுந்தது. நான் சொல்லவில்லை. ரெண்டாவது துளி யார் மேல் விழுந்ததோ அவர்களும் சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் கொட்ட ஆரம்பித்தது. அத்தனை நாள் குடத்தோடு அலைந்த பெண்கள் ஒருத்திகூடக் குடத்தை எடுத்து வெளியே வைக்கவில்லை. கனி காருக்குள் உட்கார்ந்து, வெளியே கண்ணாடியின்மேல் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து வருகிற தண்ணீர். எங்கேயோ அவன் கையைத் தொட்டுவிட்டு வருகிற தண்ணீர். கொஞ்சம் வெள்ளையாக இருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, கடற்கரைப் பக்கம் சத்தம் கேட்டது. கஸ்பாரும் அவன் படகு ஆட்களும், உடம்பெல்லாம் ஊறி வெளுத்து, ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். சூசையம்மாள் அவன் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தி, "பாவி," என்றாள், அவ்வளவுதான். கஸ்பார் காரண்டை வந்து நின்றான்.

"அண்ணே, கை எங்க இருந்துச்சு?" என்றாள் கனி. "கடைசியா எங்க பாத்தீய? உச்சியிலயா, நடுவுலயா?"

பொய் சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும், நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். கஸ்பாருக்கு வரவில்லை.

"கை தெரியலம்மா," என்றான். "வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் வந்தோம்."

அவள் தலையாட்டினாள். சுடலைமணி விளக்குகளை விலக்கினான். அவள் பொத்தானை இடது கையால் அழுத்தினாள், வலது கையை விரித்துக் கண்ணாடியின்மேல் வைத்தாள். அச்சு எங்கே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது. எந்த இடம் அது என்று தெரியாததால் எந்த இடத்தையும் விட முடியாது. கண்ணாடி இறங்கியது. மேகத்திலிருந்து இறங்கியது, பருந்து உயரத்திலிருந்து, கோபுர உயரத்திலிருந்து, தென்னை உயரத்திலிருந்து, வெயில் பட்டது, உப்புக் காற்றுப் பட்டது, பறவை எச்சம் பட்டது, மழை கழுவியது, முழுவதும் அவள் உள்ளங்கையின் அடியில் ஓடி, கதவு வாயின் கம்பளி ரப்பருக்குள் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு கண்ணாடி அந்த மெல்லிய கதவுக்குள் எப்படிக் கொள்ளும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். தெரு முழுக்க மழையில் நின்றது. ஒருதரம் அவள் முகம் மாறியது மாதிரி இருந்தது, "இதுவா?" என்றாள், யாரிடம் என்று தெரியாது, கண்ணாடி நிற்கவில்லை, அவளும் கையை எடுக்கவில்லை. இன்னொருதரமும் அப்படி மாறியது. அப்புறம் மாறவில்லை. கண்ணாடியின் மேல் விளிம்பு அவள் விரல்களைத் தாண்டிக் கதவுக்குள் முங்கியது. அடியில் தட்டியது. அவள் பொத்தானை மேலே தூக்கினாள். கண்ணாடி ஏறியது, சுத்தமாக, ஒரு சொட்டு இல்லாமல், ரப்பரில் போய் ஒட்டி, நின்றது.

அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். அவள் வாய் அசைந்தது. கண்ணாடி சரியாக உட்கார்ந்திருந்ததால் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புயல் கரையேறிப் போய், தெருவில் தண்ணீர் வடிந்து, அடுத்த மாத அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்றோம். கனி எனக்கு முன்னால். மெஷினில் விரலை வைத்தாள். மெஷின் கீச்சென்றது.

"அழுத்தி வைங்கக்கா," என்றார் கடைக்காரர்.

அழுத்தினாள். கீச்சென்றது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். கடைக்காரர் அவள் கையைப் புரட்டிப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். வலது கையில் ஒரு ரேகைகூட இல்லை. விரல், உள்ளங்கை, எல்லாம் வழவழவென்று, அப்போதுதான் கழுவி வைத்த பீங்கான் மாதிரி.

"என்னக்கா இது, ரேகை எங்க போச்சு?"

"அவுக ரேகை போன எடத்துக்குப் போயிருக்கு தம்பி," என்றாள்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. வரிசை நீண்டுகொண்டிருந்தது, பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். "சரி, அந்தக் கைய வைங்க," என்றார்.

அவள் வலது கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். மெஷின் அவளை ஒப்புக்கொண்டது. அட்டையைப் பார்த்துக் கடைக்காரர், "ரெண்டு ஆளா?" என்று கேட்டார்.

"ஒரு ஆளு," என்றாள் கனி, பையை விரித்துப் பிடித்தாள்.